பின்கழுத்துக் கட்டி: வீட்டுல ஆளுக்கொரு வைத்தியம் சொல்றாக, எதைக் கேக்குறது?

ஆத்தங்குடி மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரர் டைல் பட்டறையில கல்லு ஊத்துற வேலை பாக்குறாக. நாலஞ்சு நாளா பின்கழுத்துல, முடி முடியிற எடத்துல ஒரு கட்டி. மொதல்ல வேர்க்குருன்னு நெனச்சுச் சொறிஞ்சு விட்டாக. இப்ப நெல்லிக்காய் அளவு இருக்கு. தொட்டா கெட்டியா, சுத்திலும் செவந்து சூடா இருக்கு. ராத்திரி விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னு மல்லாக்கப் படுக்க முடியல. காய்ச்சல் இல்ல. காதுக்குக் கீழ நெறி கட்டியிருக்கு.

அத்தை மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொழச்சுப் பத்துப் போடுங்குறாக. எதுத்த வீட்டு ஆச்சி எருக்கம்பால் ஒரு சொட்டு வச்சா உடஞ்சுரும்னு சொல்றாக. மெடிக்கல்ல கேட்டா ஒரு ட்யூபும் மூணு நாளைக்கு மாத்திரையும் வெட்டிக் குடுத்துட்டாக, இன்னும் போடல. இதுக்கு நடுவுல எங்க பெரியத்தா வந்து பாத்துட்டு, இது அக்கி, வேளார் வீட்டுல காவி எழுதிட்டு வாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. ஊர்ல அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கு, அதனால அம்மையா இருந்தா ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு வேற.

மகனுக்கும் (மூணாவது படிக்கிறான்) தொடையிலயும் இடுப்புலயும் சின்னச் சின்னதா பொரிஞ்சு இருக்கு. அப்பாவுக்கு இருக்குறது தான் அவனுக்கும் ஒட்டிக்கிச்சா? வீட்டுலயே பாக்கலாமா, காரைக்குடிக்குக் கூட்டிட்டுப் போகணுமா? தெரிஞ்சவுக சொல்லுங்க.


தேவகோட்டை சிஸ்டர் (ஓய்வு) எழுதியது:

தாயி, அந்த மாத்திரையப் போடாம வச்சிருக்க பாரு, நல்லது. அப்படியே வையி.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில கட்டுக் கட்டுற ரூம்ல காலம் தள்ளினவ. சித்திரை, வைகாசி வந்துட்டா அந்த ரூம் வாசல்ல வரிசை நிக்கும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, பின்பக்கம். இந்த நாலு எடத்துல தான் பாதிக் கட்டி. முடி இருக்கணும், வேர்வை இருக்கணும், ஏதாவது ஒண்ணு உரசணும். மூணும் சேர்ந்தா போதும். முடி மொளைக்கிற குழிக்குள்ள ஸ்டாப்பிலோகாக்கஸுங்கிற கிருமி எறங்கிச் சீழ் வைக்கிறது தான் இந்தக் கட்டி. அந்தக் கிருமி எங்கிருந்தோ வந்ததும் இல்ல. மூணு பேர்ல ஒருத்தர் மூக்குக்குள்ளயே அது குடியிருக்கும், ஒண்ணும் செய்யாது. மூக்க நோண்டின விரல் கழுத்தச் சொறிஞ்சா அங்க போயிரும்.

மாம்பழம் தின்னதால வந்துச்சுன்னு உங்க வீட்டுல இன்னும் யாரும் சொல்லலையா? சொல்லுவாக. மாம்பழம் பழுக்குற மாசமும் வேர்வை கொட்டுற மாசமும் ஒண்ணா இருக்கு, பழி பழத்து மேல.

இப்ப இது என்னன்னு பாப்போம். அக்கி இப்படி இருக்காது. அக்கி ஒரு பக்கமா மட்டும், முதுகுல இருந்து நெஞ்சு வரைக்கும் பட்டையா, இல்லாட்டி கழுத்துல ஒரு பக்கமா வரும். கொத்துக் கொத்தா நீர்க் கொப்புளம் இருக்கும். பல பேருக்குக் கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே அந்த எடம் எரியும், குத்தும். சின்ன வயசுல வந்த அம்மைக் கிருமி நரம்புக்குள்ள ஒளிஞ்சு கெடந்து திரும்ப எந்திரிக்கிறது அது. அதுக்குன்னு மாத்திரை இருக்கு, கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா தான் நல்லாக் கேக்கும். காவி எழுதப் போறவுக எழுதிக்கங்க, நான் தடுக்கல. ஆனா டாக்டரப் பாத்துட்டு எழுதுங்க. கண்ணுப் பக்கம் வந்த அக்கின்னா அன்னைக்கே போகணும், பார்வை சம்பந்தப்பட்டது.

அம்மைன்னா காய்ச்சலோட உடம்பு பூரா வரும். ஒண்ணு செவப்பா, ஒண்ணு நீர் கோத்து, ஒண்ணு காஞ்சுன்னு எல்லாப் பருவமும் ஒரே நேரத்துல தெரியும். கழுத்துல ஒத்தைக் கட்டியா அம்மை வராது. அம்மன் கோவிச்சுக்க மாட்டா, தைரியமா இருக்கச் சொல்லு.

கொழுப்புக் கட்டி மாசக்கணக்கா இருக்கும், வலிக்காது, விரலால தள்ளினா தோலுக்கு அடியில நழுவும். இன்னொண்ணு இருக்கு: நடுவுல கறுப்புப் புள்ளி வச்ச கட்டி, அமுக்கினா வெள்ளையா நாத்தமா வரும். அதுக்குள்ள ஒரு பை இருக்கு. அந்தப் பைய எடுக்காத வரைக்கும் அது திரும்பத் திரும்ப வரும்.

உங்க வீட்டுக்காரருக்கு இருக்குறது சாதாக் கட்டி மாதிரி தான் எனக்குத் தோணுது. இன்னும் பழுக்கல. பழுத்தா நடுவுல மஞ்சளா கண்ணு வைக்கும். ஆனா ஒண்ணு பாரு. வெளிச்சத்துல நிப்பாட்டி உத்துப் பாரு. கண்ணு ஒண்ணா, நாலஞ்சா? பக்கத்துப் பக்கத்துல பல கண்ணு வச்சு சல்லடை மாதிரி இருந்தா அது ராஜபிளவை. அதுக்கு வீட்டு வைத்தியமே கெடையாது, நேரா ஆஸ்பத்திரி.

ஒத்தைக் கண்ணுன்னா செய்யவேண்டியது ஒண்ணு தான், ஒத்தடம். பழைய வேட்டித் துணிய நல்லாத் தொவச்சு நாலா மடிச்சுக்க. தண்ணியக் காய வச்சு, உன் மணிக்கட்டுல ஊத்திப் பாரு, நீ தாங்குற சூடு தான் அவரு தாங்குற சூடு. அதுல நனைச்சுப் பிழிஞ்சு கட்டி மேல வையி. ஆறினா திரும்ப நனை. பத்து, பதினஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு வேளை. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, வந்ததும், படுக்கப் போறப்போ. தோசைக்கல்லுல துணியச் சூடு காட்டி வைக்கிற வேலை வேண்டாம், தோல் வெந்துரும். வெந்நீர் ஒத்தடச் சூட்டுக்கு ரத்த ஓட்டம் கூடி, உள்ள இருக்குற சீழ் மேல எழும்பும். அதுவா உடையும். வலிக்குப் பாராசிட்டமால் 500 ஒண்ணு போடலாம், அடுத்ததுக்கு ஆறு மணி நேரம் போகட்டும்.

உடையிற வரைக்கும் கை வைக்கக் கூடாது. ஊக்கு, எலுமிச்ச முள்ளு, கருவேல முள்ளு, பிளேடு எல்லாம் பாத்துட்டேன். பிதுக்கினா பாதி வெளிய வரும், மீதி உள்ள எறங்கும். முக்கியமா மூக்குல இருந்து மேலுதடு வரைக்கும் உள்ள எடத்துல வந்த கட்டியத் தொடவே கூடாது. அங்க இருக்குற ரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் பாதை உண்டு.

உடஞ்ச பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துக் கடையில காஸ் துணி வாங்கி மூடு. நனைஞ்சா மாத்து, தினம் ரெண்டு தடவையாவது மாத்தணும். கழட்டுன துணிய ஒரு பையில கட்டிக் குப்பையில போட்டுட்டுக் கைய சோப்புப் போட்டுக் கழுவு. அந்தச் சீழ் படுற எடமெல்லாம் இன்னொரு கட்டிக்கு வெதை. ஒத்தடம் மட்டும் இன்னும் ரெண்டு நாள் தொடரட்டும். முளை அதுவா வந்து விழும், நோண்ட வேண்டாம். டெட்டால கலக்காம அப்படியே ஊத்தாத, புதுத் தோல் பொசுங்கிரும்.

சுண்ணாம்பு காரம், தோலப் பொத்து விடும். மஞ்சள் மட்டும் போட்டா பெரிய கெடுதல் இல்ல, ஆனா செவப்பு எவ்வளவு தூரம் பரவுதுன்னு தெரியாமப் போயிரும். டாக்டருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. எருக்கம்பால் புண்ணாக்கும். அந்தக் கையோட கண்ணத் தொட்டா கருவிழி போயிரும். எதுத்த வீட்டு ஆச்சிகிட்ட நான் சொன்னேன்னே சொல்லு.

அந்த ட்யூப் என்ன பேருன்னு பாத்து இங்க போடு. படைக்கும் அரிப்புக்கும் குடுக்குற ஸ்டீராய்டு களிம்பா இருந்தா தொடாத. மாத்திரையும் அப்படித்தான். சின்னக் கட்டிக்கு அது தேவையில்ல, சீழ் கோத்துட்டா மாத்திரை மட்டும் பத்தாது, கீறி எடுக்கணும். மூணு நாளைக்கு மட்டும் போட்டு நிறுத்தினா கிருமிக்குத் தான் அந்த மருந்து பழகும்.

ஒரு பால்பாயிண்ட் பேனா எடுத்து, செவப்பு முடியிற ஓரத்துல சுத்தி ஒரு கோடு போடு. நாளைக்கு செவப்பு அந்தக் கோட்டத் தாண்டியிருந்தா அன்னைக்கே பஸ் ஏறு. காய்ச்சல் வந்தாலும், கட்டியில இருந்து செவப்புக் கோடு ஓடினாலும், ஒத்தடம் குடுத்தும் ஒரு வாரத்துல எறங்காட்டியும் அதே தான். முகம், முதுகுத்தண்டு மேல, ஆசன வாய்ப் பக்கம், கைக்குழந்தை, கர்ப்பிணி, சக்கரைக்காரர் இதுக்கெல்லாம் வீட்டுல வச்சுப் பாக்குற பேச்சே இல்ல.

நெறி கட்டினதுக்குப் பயப்படாத, கட்டி போனா அதுவும் வத்தும்.

மகனப் பத்தி ரெண்டு கேள்வி. ராத்திரி படுத்ததும் தான் அதிகமாச் சொறியிறானா? விரல் இடுக்குல பாத்தியா?


புதுவயல் கணக்கு எழுதியது:

சிஸ்டர் ராஜபிளவைன்னு சொன்னதும் எங்க முதலாளி ஞாபகம் வந்துருச்சு. அரிசி ஆலையில மூட்டை எண்ணிக்கிட்டே துண்டால கழுத்தத் தேச்சுத் தேச்சு விடுவாரு. தவிட்டுத் தூசி ஒரு பக்கம். இதே பின்கழுத்துல தான் வந்துச்சு. மனுஷன் கட்டிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனாரு, ரத்தத்துல சக்கரை ரொம்ப ஏறியிருக்கு, மொதல்ல அதப் பாப்போம்னு படுக்க வச்சுட்டாக. மரத்துப்போற ஊசி போட்டுக் கீறி, உள்ள காஸ் திரி வச்சு, தினமும் அந்தத் திரிய மாத்தினாக. அந்தத் திரிய இழுக்குறப்போ ஆலை முதலாளி போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி அவருக்குச் சக்கரை இருக்குன்னே யாருக்கும் தெரியாது, தினம் நாலு காபி, நாலும் டபுள் சீனி.

ஆத்தங்குடியம்மா, உங்க வீட்டுக்காரருக்கு என்ன வயசு? ஒரு தடவை சக்கரை பாத்துருங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வர்றாகள்ல, அந்தப் புள்ளகிட்டக் கேட்டா குத்திப் பாத்துச் சொல்லிரும்.


கானாடுகாத்தான் பேரன் எழுதியது:

சிஸ்டர் சொன்னதுல முக்கால்வாசி சரி. ஆனா பழைய வைத்தியத்த மொத்தமாத் தள்ளுறது எனக்குப் பிடிக்கல. எங்க ஆயா வீட்டுல கட்டி வந்தா அரிசி மாவக் களியாக் கிண்டி, சூட்டோட வெள்ளத் துணியில பரப்பிக் கட்டுவாக. சின்ன வெங்காயத்தச் சுட்டு வச்சும் கட்டுவாக. ரெண்டு நாள்ல உடஞ்சுரும். வேப்பிலை போட்ட தண்ணியில குளிப்பாட்டுவாக. அவுக ஒருத்தரும் கட்டியால சாகல.


தேவகோட்டை சிஸ்டர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, உங்க ஆயா கெட்டிக்காரி. களி சூட்டப் பிடிச்சு வைக்கும், துணியை விட மெதுவா ஆறும். அங்க வேலை செஞ்சது சூடு. உடையாத தோல் மேல, பொறுக்குற சூட்டுல வச்சாத் தப்பில்ல. உடஞ்ச கட்டி மேல மாவு, வெங்காயம், சாம்பல், காப்பித்தூள் எதையும் வைக்காதீக. அதத் தோண்டி எடுத்துக் கழுவுறதுக்கே எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். வேப்பிலைத் தண்ணி குளிக்கட்டும், ஒண்ணும் இல்ல.

ஒருத்தரும் சாகலங்குற கணக்கு மட்டும் வேண்டாம். செத்தவுக வந்து எழுத மாட்டாக.

புதுவயல் அண்ணன் துண்டச் சொன்னீக பாருங்க, அது தான் நான் கேக்க வந்தது. தாயி, உங்க வீட்டுக்காரர் வேலை நேரத்துல தோள்ல துண்டு போட்டிருப்பாரா? கண்ணாடி மேல அச்சு வச்சுக் கலர் ஊத்தி, மேல காஞ்ச சிமிண்டும் மணலும் தூவுறப்போ அந்தத் தூசி துண்டுல தான் எறங்கும். சிமிண்டும் காரம் தான். அதே துண்டால வேர்வையத் துடைச்சா கழுத்துல உப்புத்தாள் போட்டுத் தேச்ச கணக்கு. அந்தத் துண்ட இன்னைக்கே வெந்நீர்ல தொவச்சு வெயில்ல காயப் போடு, தலகாணி உறையும் சேர்த்து. அவரு துண்டு அவருக்கு மட்டும். முடி வெட்டப் போனா புது பிளேடு போடச் சொல்லணும், கட்டி ஆறுற வரைக்கும் பின்கழுத்துல கத்தியே படக்கூடாது.


நெற்குப்பை வாசகி எழுதியது:

இடையில வந்து கேக்குறதுக்கு மன்னிக்கணும். எனக்கு அக்குள்ல இது வருது, சரியாப் போகுது, அடுத்த மாசம் பக்கத்துல இன்னொண்ணு. தழும்பு விழுந்து கயிறு மாதிரி தடிச்சுக் கெடக்கு. சுத்தமா இல்லைன்னு வீட்டுல சொல்றாங்க. தினம் ரெண்டு வேளை குளிக்கிறேன் சிஸ்டர். இதுக்கும் ஒத்தடம் தானா?


தேவகோட்டை சிஸ்டர் (ஓய்வு) எழுதியது:

இல்லம்மா. அக்குள்லயும் தொடையிடுக்குலயும் திரும்பத் திரும்ப வந்து, தழும்பாகி, தோலுக்கு அடியில பொந்து பொந்தா ஓடினா அதுக்குப் பேரே வேற. ஹைட்ராடெனைட்டிஸ் சப்புரட்டைவான்னு சொல்லுவாங்க. அது அழுக்கால வர்றது இல்ல, ஒட்டிக்கிறதும் இல்ல. வீட்டுல சொல்றவங்ககிட்ட இந்த வரியவே காட்டு. தோல் டாக்டரப் பாரு. போறப்போ, எத்தனை மாசமா, எந்தெந்த எடத்துலன்னு எழுதி எடுத்துட்டுப் போ, ஒவ்வொரு தடவையும் புதுக் கட்டி மாதிரி காட்டிட்டு வந்தா அவுகளுக்குப் பிடிபடாது. அங்க இப்போதைக்கு சேவ் பண்ணாத, இறுக்கமான சட்டை வேண்டாம்.


ஆத்தங்குடி மருமகள் எழுதியது:

சிஸ்டரம்மா, கண்ணு ஒண்ணு தான் வச்சுச்சு. பேனாக் கோட்டத் தாண்டல. நேத்து சாயங்காலம் ஒத்தடம் வச்சுக்கிட்டு இருக்கப்பவே தானா உடஞ்சுருச்சு. நீங்க சொன்ன மாதிரி கழுவிக் கட்டியிருக்கேன். ராத்திரி அவுக குறட்டை விட்டுத் தூங்குனாக, எனக்குத் தான் தூக்கம் போச்சு. ட்யூப் பேரு மியூபிரோசின்னு போட்டிருக்கு.

மருத்துவம் பாக்க வர்ற அந்தக்கா வந்து வெறும் வயித்துல விரல்ல குத்திப் பாத்தாக. 148. அத்தை கட்டில்ல உக்காந்து அழுதுட்டாக, அவுக அண்ணனுக்கும் சக்கரையாம்.

மகன் விஷயம்: ஆமா, படுத்ததும் தான் சொறியிறான். விரல் இடுக்குல பொடிப் பொடியா இருக்கு. சொல்ல வெக்கமா இருக்கு, எனக்கும் மணிக்கட்டுல அரிக்குது. இவுக நாளைக்கு வேலைக்குப் போகலாமா, பையனப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா?


தேவகோட்டை சிஸ்டர் (ஓய்வு) எழுதியது:

மியூபிரோசின் ஸ்டீராய்டு இல்ல, கிருமிக்கான களிம்பு. ஆனாலும் எங்க போடணும், எத்தனை நாள்னு டாக்டர் சொல்லட்டும், எப்படியும் சக்கரைக்காகப் போகத்தானே போறீக.

148ங்கிறது வெறும் வயித்துக்குக் கூடுதல் தான். 126ம் அதுக்கு மேலயும்னா சக்கரையா இருக்கலாம். ஆனா ஒரு தடவை விரல்ல குத்திப் பாத்ததை வச்சு முடிவு கட்ட மாட்டாக. உடம்புல சீழ் இருக்கப்போ சக்கரை ஏறும். நரம்புல ரத்தம் எடுத்து, மூணு மாசச் சராசரி சொல்ற ஹெச்பிஏ1சி சேர்த்துப் பாக்கணும். அது 6.5ம் அதுக்கு மேலயும்னா சக்கரை. ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாத்தப் போறப்பவே கேட்டு எழுதிக்க. அத்தையோட அண்ணனுக்கு இருக்குங்கிறதையும் டாக்டர்கிட்டச் சொல்லணும், அதுவும் ஒரு சேதி தான். அத்தைக்கும் சேர்த்துப் பாத்துரு.

காய்ச்சல் இல்ல, கட்டு நனையலன்னா நாளைக்கே வேலைக்குப் போகலாம். ஆனா கல்லத் தண்ணித் தொட்டியில எறக்குற வேலைய ரெண்டு நாள் வேற ஆளு பாக்கட்டும், கட்டு ஈரமாகாம இருக்கணும். பையில காஸும் ஒட்டுற பிளாஸ்திரியும் வச்சு அனுப்பு.

மகனுக்கு இருக்குறது அப்பா குடுத்தது இல்ல தாயி, சிரங்குன்னு தான் தோணுது. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி தோலுக்குள்ள வளை தோண்டுறது. அதனால தான் உனக்கும் மணிக்கட்டுல அரிக்குது. வெக்கப்பட ஒண்ணும் இல்ல, பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்தவன்கிட்ட இருந்து வந்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துலயே காட்டு. அதுதான்னு உறுதியாச் சொன்னா பெர்மெத்ரின் களிம்பு குடுப்பாக. கழுத்துக்குக் கீழ, விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள் ஒண்ணு விடாம ராத்திரி பூசிட்டுக் காலையில குளிக்கணும். அரிப்பு இருக்கோ இல்லையோ, வீட்டுல எல்லாரும் ஒரே ராத்திரியில பூசணும், அத்தை உட்பட. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. உங்க வீட்டுக்காரருக்குக் கட்டி உடஞ்ச எடத்துல மட்டும் படாமப் பாத்துக்க. பாயி விரிப்பு, போட்ட துணியெல்லாம் அன்னைக்கே வெந்நீர்ல தொவைக்கணும். பூச்சி செத்த பிறகும் ரெண்டு மூணு வாரம் அரிப்பு இருக்கும், மருந்து கேக்கலன்னு மேல மேல பூசிராத.

மொதல் தடவை பூசின மறுநாள் பையன் பள்ளிக்கூடம் போகலாம். வாத்தியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, அந்த வகுப்புல இன்னும் எத்தனை பேரு சொறிஞ்சுக்கிட்டு இருக்காகளோ.